வேட்டைக்காட்டில் கிடந்த மெட்டி

— அங்கன என்னண்ணே பாக்கீக? மெட்டி கெடந்த எடத்தை எனக்குக் காட்டச் சொல்லித்தான் ஒங்களைக் கூட்டிட்டு வந்தேன். நீங்க என்னடான்னா ஒவ்வொரு புதரா குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டு வாரீக.

— நிதானமா வா மாரி. மெஷினு கத்துதுல்ல. கத்துன எடத்தைத் தோண்டாமப் போனா எனக்குச் சோறு எறங்காது. அந்தக் கரண்டியை இப்படிக் குடு.

— என்ன கெடக்கப் போகுது, சோடா மூடியா இருக்கும்.

— இதா சோடா மூடி? கையில வாங்கிப் பாரு. சுண்டைக்காய்த் தண்டிதான் இருக்கு, என்ன கனம் கனக்கு பாரு. ஈயக்குண்டு. ஜமீன் ஆளுக மான் சுட்ட குண்டு. ஒரு பக்கம் சப்பிக் கெடக்குல்ல, அது எலும்புல பட்டுச் சப்புனது.

— ஊர்க்காவலண்ணே, நான் குண்டு பாக்க வரலை.

— தெரியும். தள்ளி நில்லு. நீ கிட்ட வந்தாலே மெஷினு கத்துது. பெல்ட்டைக் கழட்டி வண்டியிலயே வச்சுட்டு வான்னு சொன்னேன்ல.

— நான் என்ன ஒங்க பட்டாசுக் கம்பெனிப் பொம்பளையா, கேட்டுல நிறுத்தி ஒண்ணொண்ணாக் கழட்டச் சொல்ல? நான் திருத்தங்கல் பிரஸ்ல லேபிள் அடிக்கிறவன்.

— எட்டு வருசமா கேட்டுல வாட்ச்மேனா நிக்கேன். இந்த ஒரு வருசமா கழட்டு, கழட்டுன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. கோவிச்சுக்காத.

— இந்த மெஷினு கம்பெனியோடதுதானே? மொதலாளிக்குத் தெரியுமா, இதை நீங்க கம்புல கட்டிக்கிட்டு காடு காடாச் சுத்துறது?

— திங்கக்கிழமை காலையில கேட்டுல இருந்தாப் போதும் அவருக்கு. ஞாயித்துக்கிழமை மெஷினுக்கும் லீவு, எனக்கும் லீவு. உள்ள இரும்பு போயிறக்கூடாது, பொறி பறந்தா மருந்து பிடிச்சுக்கிரும்னு போன வருசம் வாங்கிப் போட்டாரு. இது என்னத்தைக் கண்டுபிடிக்கும், நாலு வெரக்கடை ஆழம். ஐப்பசி மழை நல்லாப் பேஞ்சு மேல்மண்ணை அரிச்சுருச்சு, அதனால கெடைக்கு. ஒரு பித்தளை மூடி எடுத்தேன், வெடிமருந்து போட்டு வைக்கிற கொம்போட மூடி. ஒரு துப்பாக்கிக் குதிரை எடுத்தேன். நூறு வருசம் மண்ணுக்குள்ள கெடந்தும் அந்தக் குதிரை மடங்குது பாத்துக்க.

— நான் கேக்கேன், எம் பொழைப்பு சிரிப்பாச் சிரிக்கு, நீங்க குதிரை மடங்குனதைச் சொல்றீகளே. அந்த எடம் எங்கன?

— அந்தா, உசிலமரத்துக்குக் கீழ கல்லுக்கட்டு தெரியுதா? அது துப்பாக்கிக்காரவுக பதுங்குற குழி. அந்தப் பக்கம் இருந்து எங்க தாத்தா மாதிரி ஆளுக தகரத்தைத் தட்டிக் காட்டைக் கலைப்பாக. மானு இந்த வழியாத்தான் வந்தாகணும். குழிக்குள்ள இருக்கிறவுக வெளிய பாக்கலாம், வெளிய இருந்து பாத்தா குழிக்குள்ள ஆளு இருக்கிறதே தெரியாது. மெட்டி அதுக்குள்ளதான் கெடந்துச்சு.

— தெரியாதுல்ல. அதனாலதான் எம் பொண்டாட்டி இங்கன வந்திருக்கா. பாருங்கண்ணே, எம்புட்டுக் குளுகுளுன்னு இருக்கு உள்ள. மெத்தை மாதிரி சருகு வேற. எறங்கிப் பாக்கேன்.

— உள்ள எறங்காத. நான் கொஞ்சம் பாத்துக்கிறேன்.

— இன்னும் என்ன பாக்கப் போறீக?

— மூணு ஞாயித்துக்கிழமையா இதுக்குள்ளதான் பாக்கேன். அந்த மூலையில பூக்கட்டுற நாரு கெடந்துச்சு. கல்லுக்கு அந்தாண்ட பைக்குத் தடம். பின் டயரு புதுசு. நான் சைக்கிள்ல வாரவன், எனக்கே இந்த ஏத்தத்துல எறங்கித் தள்ளத்தான் முடியும். வந்தவன் சின்னவயசுக்காரனாத்தான் இருக்கணும். நாப்பது தாண்டுனவன் இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு பீடியாவது குடிச்சுப் போட்டிருப்பான். துண்டுகூட இல்லை. சிகரெட்டும் இல்லை. நல்ல பழக்கமுள்ள பயதான்.

— எனக்காக இம்புட்டும் பாத்து வச்சிருக்கீகளாண்ணே? கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

— ம்.

— ஆனா நான் ஒங்ககிட்டச் சொன்னதே செவ்வாக்கிழமைதானே. நீங்க எப்படி மூணு வாரமா?

— குண்டு தேடத்தான் வந்தேன். குண்டு தேடையிலே மத்ததும் கண்ணுல பட்டுச்சு.

— அன்னைக்குச் செவ்வாக்கிழமை. டீக்கடை பெஞ்சுல நீங்க ஈயக்குண்டைப் பரப்பி வச்சு எல்லாருக்கும் காட்டுறீக, நானும் டீயைக் குடிச்சுக்கிட்டே எட்டிப் பாக்கேன், குண்டுக்கு நடுவுல வெள்ளி மெட்டி. கல்யாணத்துக்கு சிவகாசியில நான் எடுத்துக் குடுத்த அதே மீன் வெட்டு. பெரட்டிப் பாத்தா உள்பக்கம் மாரிக்கண்ணனுக்கு ‘மா’. நானே பிரஸ்ல ஊசியை வச்சுக் கீறுனது. ரெண்டு மெட்டியிலயும் கீறுனேன். என் பேரு அவ கால்வெரலைத் தொட்டுக்கிட்டே கெடக்கணும்னு ஒரு ஆசை.

— அது வரைக்கும் அந்த எழுத்தை நான் பாக்கலை மாரி. உள்பக்கம் பாக்கணும்னு எனக்குத் தோணலை.

— அதை ஏன் டீக்கடையில கொண்டாந்து வச்சீக? எங்கிட்டத் தனியாக் காட்டியிருக்கலாம்.

— யாருதுன்னு தெரிஞ்சாத்தானே காட்ட? மூணு வாரம் சட்டைப்பையிலயே வச்சிருந்தேன். எடுத்து வச்சா யாரு மொகம் மாறுதுன்னு பாக்கலாம்னு பெஞ்சுல வச்சேன். ஒன் மொகம் மாறுச்சு.

— மாறாம? பொண்டாட்டி மெட்டி காட்டுல கெடந்தா எவன் மொகம் மாறாது?

— டம்ளரைக்கூட வைக்காம ஓடுன. நான் ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ திரும்பி வந்து, ‘இது எம் பொண்டாட்டியோடது’ன்னு கத்துற வரைக்கும் எனக்கு வேற நெனப்பு.

— என்ன நெனப்பு?

— விடு. வீட்டுல போயி என்ன பண்ணுன, அதைச் சொல்லு.

— காலைக் காட்டுடின்னேன். பானு ரெண்டு காலையும் நீட்டுனா. ரெண்டுலயும் மெட்டி இருக்கு. ஒரு நிமிசம் எனக்கு உசுரு வந்துருச்சு. கழட்டிப் பாத்தேன். எடது காலு மெட்டியில ‘மா’ இருக்கு, வலது காலுல இல்லை. அதே மீன் வெட்டு, அதே கனம், என் எழுத்து மட்டும் இல்லை. எம்புட்டு கெட்டிக்காரத்தனம் பாருங்க. இங்கன தொலைச்சுட்டு, எனக்குத் தெரியாம அதே கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கா. ஏதுடி இதுன்னா, ‘எனக்குத் தெரியாது’ங்கா. வாங்கி மாட்டுனவளுக்குத் தெரியாதாம்.

— அடிச்சயா?

— ஒரு அறைதான். பெறகு விருதுநகருக்கு பஸ் ஏத்தி அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு அவ அண்ணன் சங்கிலிமுத்து நாலு பேரைக் கூட்டிட்டு வாரான். ஒண்ணு நான் நிரூபிக்கணும், இல்லைன்னா எல்லாரு முன்னாலயும் அவ கால்ல விழணுமாம். நீங்க வந்து, மெட்டி இந்தக் குழியிலதான் கெடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அறுத்து விட்டுருவேன்.

— பானு யாருகூட வந்தான்னு நெனைக்க?

— சோணைமுத்து. ஒங்க கம்பெனி வேன் டிரைவரு. அவகிட்டக் கேட்டா, ‘அந்தண்ணனா’ங்கா. என்ன அண்ணன்? வேன்ல அவனுக்குப் பின்சீட்டுலதான் எடம் பிடிப்பாளாம். தீவாளி முடிஞ்சு கம்பெனி லீவு விட்ட மறுநாளே தலைக்குக் குளிச்சு ரெண்டு முழம் பூ வச்சா. எதுக்குன்னு கேட்டா லீவுல்லங்கா. எனக்குப் பொறுக்கலைண்ணே. அவ எங்கிட்டச் சிரிச்சாக்கூட, இந்தச் சிரிப்பை எவன்கிட்டக் கத்துக்கிட்டு வந்தான்னுதான் தோணுது. பிரஸ்ல மெஷின் ஓடையிலே, இப்ப யாருகூடப் பேசிக்கிட்டு இருப்பாளோன்னு நெனச்சு மூணு தடவை பேப்பரைத் தலைகீழா வச்சுட்டேன். ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது. ஒங்க வீட்டு யோகலட்சுமி மதினியும் அதே வேன்ல அதே கம்பெனிக்குத்தான் போறாக, அவுக மாதிரி ஒருத்தி வாய்ச்சிருந்தா நான் ஏன் இப்படித் திரியுதேன்.

— அவளை ஏன் இழுக்க?

— நல்லதுக்குத்தான் சொல்லுதேன். விசயம் தெரிஞ்சதும் மதினி வீட்டுக்கே வந்துட்டாக. ‘பானு அப்படிப்பட்டவ இல்ல, கூட்டிட்டு வாங்க’ன்னு என்னா அழுகை.

— அழுதாளா?

— தேம்பித் தேம்பி. தன் வீட்டுல எழவு விழுந்த மாதிரி. ஒங்ககிட்டச் சொல்லலையா?

— சொல்லலை.

— என்னண்ணே ஒக்காந்துட்டீக? மெஷினு கத்திக்கிட்டே கெடக்கு, நிப்பாட்டுங்க அதை.

— மாரி, எங்க தாத்தா ஒரு வெவரம் சொல்லுவாரு. இந்த வேட்டைக்கு வாரவுக ஆளுக்கு ஒரு அச்சு வச்சிருப்பாகளாம். அவுக அவுக குண்டை அவுகளே ஈயம் காய்ச்சி வார்ப்பாக. நாலு துப்பாக்கி ஒண்ணா வெடிக்கும், மானு விழும். யாரு சுட்டதுன்னு எப்படிச் சொல்ல? ஒடம்புல இருந்து குண்டைத் தோண்டி எடுத்து அச்சுல வச்சுப் பாப்பாக. யாரு அச்சுல ஒக்காருதோ, அவருக்குத்தான் தலையும் கொம்பும்.

— எனக்கு எதுக்கு இப்ப மான் கதை?

— கேளு. ஒருக்க ஒரு கலைமான் விழுந்துச்சாம். குண்டை எடுத்து வச்சா, பெத்தணன்ங்கிறவரு அச்சுல கச்சிதமா ஒக்காந்துருச்சு. அந்தப் பெத்தணனோ காய்ச்சல்ல வீட்டுல போத்திப் படுத்துக் கெடக்காரு. வேட்டைக்கே வரலை.

— அதெப்படி?

— முந்துன வேட்டையில கூட வந்தவனுக்குக் குண்டு தீந்துபோச்சு. அவரு பையில கையை விட்டு அள்ளிக்கிட்டான். குண்டு அவரோடது. சுட்டது அவரு இல்லை.

— என்ன சொல்ல வாரீக? மெட்டி பானுவோடது, வந்தது பானு இல்லைன்னா? அது என்ன குண்டா, பையில இருந்து அள்ளிட்டுப் போக? கால்ல கெடக்கிற மெட்டிண்ணே. செத்தாத்தான் கழட்டுவாக.

— எங்க கம்பெனியில நெதம் கழட்டுறாக.

— என்னது?

— மெட்டி வரைக்கும் கழட்டுறது ஒனக்கு எப்படித் தெரியும், நீ லேபிள் கட்டை கேட்டுக்கு வெளியவே எறக்கிட்டுப் போறவன். மெஷினு வந்ததுல இருந்து தாலியைத் தவிர ஒரு பொட்டு உலோகம் ஒடம்புல இருக்கக்கூடாதுன்னுட்டாரு மொதலாளி. ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு, வளையலு, மெட்டி. மெட்டியைக் கழட்ட மாட்டோம்னு பொம்பளைக மூணு நாளு வேலைக்கே வரலை. பெறகு பொழைப்பு வேணும்ல, ஒத்துக்கிட்டாக. ஆனா புருசன்மாருகிட்டச் சொல்லலை. தெரிஞ்சா சண்டைக்கு வருவீகன்னு பயம். காலையில கழட்டி ஆளுக்கு ஒரு துணியில முடிஞ்சு எங்கிட்டத் தருவாக. நான் பிஸ்கட் டின்னுல போட்டு வைப்பேன். சாயந்தரம் குடுப்பேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ.

— அதுக்கும் அறைஞ்சிருப்ப. புரட்டாசியில ஒரு நாளு, சீசன் மும்முரம், மத்தியானம் மூணு மணிக்குத் திடீர்னு இடி. இடி இடிச்சா எங்களுக்குத் தெரியும்ல, போட்டது போட்டபடி ரூமை விட்டு எல்லாரும் வெளிய ஓடணும். ஒரு மின்னலு விழுந்தாப் போதும். நானும் டின்னைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுனேன். கேட்டுல இடிச்சுக்கிட்டாக பாரு, டின்னு கவுந்துருச்சு. முடிச்செல்லாம் அவுந்து மண்ணுல வெள்ளியாக் கெடக்கு. மழை வேற. சோணைமுத்து வேனைக் கெளப்பி ஹாரன் அடிக்கான். ஒவ்வொருத்தியும் தன்னுது மாதிரி தெரிஞ்சதைப் பொறுக்கி மாட்டிக்கிட்டு ஓடுனா. மெட்டி என்ன, வாயைப் பிளந்த வளையம்தானே, எந்த வெரலுக்கும் அமுக்கி மாட்டலாம்.

— அப்ப…

— சிவகாசியில அந்த ஒரு கடை மீன் வெட்டுதான் இந்தப் பக்கத்துப் பொம்பளைக பாதிப் பேரு கால்ல கெடக்கு. பானு தன்னுது ஒண்ணு, அடுத்தவளோடது ஒண்ணு எடுத்துருக்கா. அந்த அடுத்தவ தன்னுது ஒண்ணு, பானுவோடது ஒண்ணு. ரெண்டு பேருக்குமே தெரியாது. ‘மா’ கீறுன மெட்டியை மாட்டிக்கிட்டு இந்தக் குழிக்கு வந்தவ வேற ஒருத்தி மாரி. ஒம் பொண்டாட்டி வீட்டுல போத்திப் படுத்துக் கெடந்தவ.

— நெசமாவாண்ணே? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு கட்டிச் சொல்லலையே?

— நாளைக்குக் கம்பெனிக்கு வா. எந்தப் பொம்பளையை வேணும்னாலும் கேளு, டின்னு கவுந்துச்சான்னு.

— அதான் ‘எனக்குத் தெரியாது’ன்னாளா. நெசமாவே தெரியாமத்தான் சொல்லியிருக்கா. நான் அறைஞ்சப்பக்கூட அதையே சொன்னா. அண்ணே, நான் இப்பவே விருதுநகருக்குப் போறேன். வாங்க, வண்டியில ஏறுங்க.

— போ. போயி கால்ல விழு. ஒண்ணும் கொறைஞ்சுறாது.

— இதை ஏன் செவ்வாக்கிழமையே சொல்லலை நீங்க? அஞ்சு நாளா நான் வெந்து செத்தேன், அவ அங்கன கெடந்து செத்தா.

— சொல்லாமலேயே விட்டுறலாம்னுதான் இருந்தேன். நாளைக்குப் பானு மேல பழி விழுந்துச்சுன்னா இந்த மெட்டிக் கதை அத்தோட முடிஞ்சுரும். வேற யாரையும் யாரும் தேட மாட்டாக. அஞ்சு நாளும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நான் ஒண்ணும் நல்லவன் இல்லை மாரி.

— இப்படிப் பேசாதீக. நீங்க இல்லைன்னா எங் குடும்பம் போயிருக்கும். ஆனா ஒண்ணு, அந்த அடுத்தவ யாரு?

— அது எதுக்கு ஒனக்கு?

— எதுக்கா? நான் ஊரெல்லாம் கத்தி வச்சிருக்கேன். நாளைக்கு நாலு பேரு முன்னால, மாறிப்போச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு மட்டும் சொன்னா, சங்கிலிமுத்து மூஞ்சியில துப்புவான். இவன் பொண்டாட்டியைச் சந்தேகப்பட்ட கேணப்பயன்னு காலத்துக்கும் சொல்லுவாக. பேரைச் சொல்லணும். இன்னாருதான், இன்னாரு பொண்டாட்டிதான்னு சொன்னா அம்புட்டுப் பேரும் அந்தப் பக்கம் திரும்பிருவாக. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுல நிக்கிறவுகதானே.

— பேரு வேண்டாம். மெட்டி மாறுன கதையை நான் வந்து சொல்லுதேன். இங்கன கெடந்ததுன்னு சொல்ல வேண்டாம், ரோட்டுல கெடந்துச்சுன்னு சொல்லிருவோம். நீ மனசு வச்சா இத்தோட போயிரும்.

— என்னண்ணே, எவளோ ஒருத்திக்கு இம்புட்டு எரங்குறீக? எம் பொண்டாட்டிக்கு யாரு எரங்குனா? எனக்கு அந்தப் புருசனை நெனச்சாத்தான் சிரிப்பா வருது. ஒரு மாசமா எனக்கு மட்டும்தான் வயிறு எரியுதுன்னு நெனச்சேன். எரிய வேண்டியவன் வேற எங்கனயோ நிம்மதியாத் தூங்கிக்கிட்டுக் கெடக்கான்.

— தூங்கலை.

— எப்படித் தூங்காம இருப்பான்? பொண்டாட்டி வெளிய போயிட்டு ஒரு கால்ல மெட்டி இல்லாம வீட்டுக்கு வந்திருக்கா. ஏன்னு கேட்டானா? ஏதோ சொல்லியிருப்பா, நம்பியிருப்பான். நான் செஞ்சது தப்புதான், ஆனா ஒரு மெட்டியைப் பாத்ததும் கண்டுபிடிச்சேன்ல. அந்தப் பய ஒரு மாசமா அவ காலையே பாக்கலையாண்ணே? அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?

— பாத்துக்கிட்டுத்தான் மாரி இருக்கான். அந்த ஒத்த மெட்டியோடதான் அவ நெதம் வந்து நின்னு எனக்குச் சோறு போடுறா.